எலிக்கு ஒரு வில்

அமெரிக்கப் பண்ணைகளில் வளை தோண்டித் திரியும் சின்னப் பிராணிகளைச் சுடப் பெரிய தோட்டா தேவையில்லை, வேகம்தான் வேண்டும். அதற்காகத் துப்பாக்கிப் பித்துப் பிடித்த சிலர், கடையில் கிடைக்கும் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுத்தை நெருக்கி, சின்னக் குண்டைச் செருகினார்கள். மருந்து குறையவில்லை, குண்டின் எடை குறைந்தது, வேகம் எகிறியது. எந்தத் தொழிற்சாலையும் விற்காத இந்த வீட்டுத் தோட்டாவுக்கு ‘வைல்ட்கேட்’ என்று பெயர். .250 சாவேஜ் கூட்டை இப்படிக் குறுக்கிப் பிறந்ததுதான் .22-250. பல வருடம் கைவேலையாகவே இருந்த அதை, 1965-இல்தான் ரெமிங்டன் நிறுவனம் தன் சரக்காக்கியது.

காரைக்கால் வயலில் எலி பிடிக்க இந்தத் தோட்டாவுக்கு வேலையில்லை.

வயலும் வீடும் ஒட்டிக் கிடக்கும் பூமி. எலியோ இருட்டில்தான் வளையை விட்டு வெளியே வரும். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்துச் சம்பா வயலுக்கு ஏற்றது காவிரி டெல்டாவின் பழைய ஆயுதமான கிட்டி. வேளாண் துறையினர் ‘தஞ்சாவூர்க் கிட்டி’ என்பார்கள். மூங்கில் சிம்பை வளைத்து ஒரு வில், அது இழுத்துப் பிடிக்கும் கயிறு, வில்லை நிமிரவிடாமல் தடுக்கும் சிறு குச்சி, அந்தக் குச்சியில் இரை. அவ்வளவுதான். எலி இரையை இழுத்ததும் குச்சி நழுவும், வில் விருட்டென நிமிரும், கயிறு எலியின் கழுத்தை இறுக்கும். அங்கே பித்தளையின் கழுத்து, இங்கே எலியின் கழுத்து!

எளிமையாகத் தெரிந்தாலும் இதில் கைப்பக்குவம் உண்டு. வில் தளர்ந்தால் எலி திமிறிக்கொண்டு போய்விடும். குச்சியை அழுத்திச் செருகினால் இரை மட்டும் காணாமல் போயிருக்கும்.

எதிராளியும் லேசுப்பட்டவன் அல்ல. ‘பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ்’ என்று உயிரியலாளர் அழைக்கும் வயலெலி, பெருச்சாளிக்குச் சின்ன உறவு. பன்றியெலி என்று பொருள்படும் ‘பந்திக்கொக்கு’ என்ற தெலுங்குச் சொல்தான் அந்த அறிவியல் பெயரில் ஒளிந்திருக்கிறது. தின்பது போதாதென்று கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேமித்தும் வைக்கும். அகன்ற வரப்பு அதற்கு அரண்மனை. வரப்பைக் குறுக்கினால் வளை தோண்ட இடம் குறையும்.

துத்தநாக பாஸ்பைடு என்ற நஞ்சு கலந்த இரையைக் கொஞ்சம் தின்று பிழைத்த எலி, அதை மறுபடி சீந்தாது. கிட்டியில் கழுத்தைக் கொடுத்த எலிக்கு அந்தப் பாடம் படிக்க அவகாசம் கிடைப்பதில்லை. அந்தியில் வரப்போரம் கிட்டிகளை நட்டுவிட்டுப் போகிறவர் விடிந்ததும் வந்து எடுப்பார். கூலி, விழுந்த எலிகளை எண்ணித்தான்.