நோய்க்குப் பயந்தோமா, கடை பூட்டப்படும் என்று பயந்தோமா?

வியாபாரி என்பவன் நாள்தோறும் ஆபத்தைக் கணக்கிட்டுத் தொழில் செய்பவன். யாருக்குக் கடன் கொடுக்கலாம், எவ்வளவு சரக்கை முற்கூட்டியே எடுத்து வைக்கலாம், டொலர் விலை ஏறினால் கையில் என்ன மிஞ்சும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் நோய் என்று வரும்போது இந்தக் கணக்கு எங்கேயோ தடுமாறி விடுகின்றது. கொவிட் 19 காலத்தில் நமது கடைத்தெருக்களில் நாம் கண்டவை இதற்குச் சாட்சி.

உலக சுகாதார ஸ்தாபனம் கொவிட் தொடர்பான உலகளாவிய அவசர நிலையை 2023 மே 5 ஆம் திகதி முடிவுக்குக் கொண்டு வந்தது. அதற்கிடையில் நமது நாட்டில் மட்டும் 16,800க்கும் அதிகமானோர் உயிரிழந்திருந்தனர். 'முடிந்த கதையை இப்போது ஏன் பேச வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். பெருநாள் வியாபாரம் முடிந்த பின்னர்தானே மிஞ்சிய சரக்கை எண்ணுகிறோம்? அடுத்த பெருநாளுக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று கெட்டிக்கார வியாபாரி தீர்மானிப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

பயம் ஒரு பக்கம், ஆபத்து மறு பக்கம்

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கடைகள் மீண்டும் திறக்கப்பட்டபோது வாசலில் தண்ணீர்த் தாங்கி, சவர்க்காரம், பெயர் எழுதும் கொப்பி, தரையில் மஞ்சள் கோடு என்று எல்லாமே இருந்தன. அந்த ஆண்டு செப்டெம்பர் முடிவில் கொவிட்டினால் இலங்கையில் இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கை 13 மாத்திரமே. 2021 ஓகஸ்ட் இறுதியில் ஒரே நாளில் 200க்கும் அதிகமான மரணங்கள் அறிவிக்கப்பட்டன. ஆனால் அதற்கு முன்னரே பல கடைகளில் தண்ணீர்த் தாங்கி வற்றியிருந்தது. முகக்கவசம் நாடிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆபத்து குறைவாக இருந்தபோது பயம் கூடியிருந்தது. ஆபத்து கூடியபோது நமக்கு அது பழகிப் போயிருந்தது.

பயம் தவறான இடத்தில் போய் நின்றதும் உண்டு. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று பரவியது. அங்கே சன நெரிசலில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிய நோய், மீன் எடுக்க வந்த வியாபாரிகளோடு பல ஊர்களுக்கும் போனது. மக்களோ நெரிசலைக் கைவிடாமல் மீனைக் கைவிட்டார்கள். மீன் விற்பனை விழுந்தது. முன்னாள் மீன்பிடித்துறை அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகவியலாளர்கள் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டிய நிலை வந்தது. மீன் வாங்காத அதே ஆள், மூடிய பஸ்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பயணம் செய்தார்.

நான்கு கேள்விகள்

மனிதன் ஏன் இப்படி நடந்து கொள்கிறான் என்பதை 1950களிலேயே அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஆராய்ந்தனர். காசநோயைக் கண்டறிய இலவசமாக நெஞ்சு எக்ஸ்றே எடுக்க வசதி செய்து கொடுத்தும் பலர் வரவில்லை. காசு கேட்காத சேவைக்கு ஏன் ஆள் வரவில்லை? கொட்ஃப்ரி ஹொக்பாம் என்ற ஆய்வாளர் மக்களிடமே விசாரித்தார். 'நோய்க்குறி இல்லாவிட்டாலும் எனக்குள் காசநோய் இருக்கலாம், அதை நேரத்தோடு கண்டுபிடித்தால் நன்மை உண்டு' என்ற இரண்டையும் நம்பியவர்களில் நூற்றுக்கு 82 பேர் தாமாகவே எக்ஸ்றே எடுத்திருந்தனர். இரண்டையும் நம்பாதவர்களில் எடுத்தவர்கள் நூற்றுக்கு 21 பேர்தான்.

இந்த ஆய்வுகளிலிருந்து பிறந்த கோட்பாட்டைச் சுருக்கினால் நான்கு கேள்விகளாகும். இந்த நோய் எனக்கு வருமா? வந்தால் எவ்வளவு பாதிக்கும்? சொன்னபடி செய்தால் பயன் உண்டா? செய்வதற்கு எனக்கு என்ன செலவாகும்? வியாபாரிக்கு இது புதிதல்ல. வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதும் பேரேடுதான் இது. செலவுப் பக்கம் கனத்தால், வரவு எவ்வளவு இருந்தாலும் கை நீளாது.

முதல் கேள்வியிலேயே நாம் சறுக்கி விடுகிறோம். நீல் வைன்ஸ்டைன் என்பவர் 1980 இல் வெளியிட்ட ஆய்வில், கெட்டது நடக்கும் வாய்ப்பு மற்றவர்களை விடத் தமக்குக் குறைவு என்றே பொதுவாக மாணவர்கள் கருதினர். 'நமக்கெல்லாம் வராது' என்ற பேச்சு புறக்கோட்டையில் மாத்திரம் கேட்டதல்ல என்பது இதிலிருந்து தெரிகின்றது.

செலவுப் பக்கத்தில் என்ன இருந்தது?

ஆனால் நமது கடைத்தெருவில் முக்கியமாக இருந்தது நான்காவது கேள்வி. மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக் கொள்வோம். வெளியில் சொன்னால் பீ.சீ.ஆர். பரிசோதனை, தனிமைப்படுத்தல், அன்றாடச் சம்பளம் இல்லை, வீட்டில் அடுப்பு எரியாது. முதலாளிக்கோ கடை பூட்டப்படும், பழுதாகும் சரக்கு நட்டம், காசோலை திரும்பும், 'அந்தக் கடையில் கொரோனா' என்ற பெயர் தெருவெங்கும் பரவும். இரண்டு பெனடோல் போட்டுக் கொண்டு வேலைக்கு வந்தால் இத்தனையும் இல்லை. அந்த மனிதன் நோயை அறியாதவன் அல்லன். அவனது பேரேட்டில் உண்மையைச் சொல்வதன் விலை, நோயின் விலையை விடக் கூடியிருந்தது.

நமது சமூகத்திற்கு இன்னொரு பாரமும் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி மூலம் கொவிட் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முன்னரே வழிகாட்டியிருந்தது. 'ஆஸ்பத்திரிக்குப் போனால் ஜனாஸா கூடக் கிடைக்காது' என்ற அச்சம் வீடுகளுக்குள் குடிபுகுந்தது. இந்த அச்சத்தினால் முஸ்லிம்களும் ஏனைய சிறுபான்மையினரும், குறிப்பாக ஏழைகள், நோய்க்குறி இருந்தும் அரச வைத்தியசாலைகளை நாடாமல் ஒதுங்குவதாக 2021 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர்கள் சுட்டிக் காட்டினர். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்திற்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நோயைத் தடுப்பதற்கென்று போடப்பட்ட ஒரு விதி, நோயை மறைக்கச் செய்த வரலாறு இது. மக்களின் நம்பிக்கையை இழந்த எந்தச் சுகாதார நடவடிக்கையும் பாதி வழியில் நின்றுவிடும் என்பதை ஆட்சியாளர்கள் இனியாவது மனதிற் கொள்ள வேண்டும்.

கணக்கைச் சரியாகப் போட்ட சந்தர்ப்பமும் உண்டு. 2021 ஓகஸ்டில் அரசாங்கம் நாட்டை முடக்கும் முன்னரே பல நகரங்களில் வர்த்தக சங்கங்கள் தாமாகவே கடைகளை மூடின. ஓகஸ்ட் 20 ஆம் திகதி இரவுதான் முடக்கம் ஆரம்பமானது. தனியொரு கடைக்காரன் மூடினால் அவனது வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எல்லோரும் சேர்ந்து மூடும்போது அந்தப் பயம் இல்லை. செலவைப் பங்கு போட்டால் நல்ல காரியம் இலகுவாகும்.

தவக்குலும் தற்காப்பும்

'விதியில் இருந்தால் வரும்' என்று சொல்லித் தற்காப்பை விட்டவர்களும் நம்மில் இருந்தனர். ஹிஜ்ரி 18 ஆம் ஆண்டளவில் ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியபோது, அங்கு சென்று கொண்டிருந்த உமர் (ரழி) அவர்கள் தோழர்களுடன் ஆலோசித்துத் திரும்பிச் செல்லத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே செல்வதாக உமர் (ரழி) அவர்கள் விளக்கினார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அவ்வூரிலிருந்து நோய்க்குப் பயந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை அச்சந்தர்ப்பத்தில் எடுத்துச் சொன்னவர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள். மதீனாவின் பெரும் வணிகர்களுள் ஒருவர் அவர் என்பதை வியாபாரிகளாகிய நாம் நினைவிற் கொள்வது பொருத்தம்.

கடையில் செய்யக் கூடியவை

இன்று கொவிட் அச்சம் இல்லை. ஆனால் மழைக்காலம் தோறும் டெங்கு வருகின்றது. 2017 இல் மாத்திரம் 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். பழகிப் போனதால் அதற்கும் நாம் பயப்படுவதில்லை. பயத்தை நம்பியிராமல் வழக்கத்தை உண்டாக்குவதே வியாபாரிக்கு உகந்தது.

முதலாவது, காய்ச்சல் என்று உண்மையைச் சொல்லும் ஊழியனுக்கு அந்த நாட்களின் சம்பளத்தை வெட்டாதீர்கள். ஒருவனுக்குக் கொடுக்கும் ஐந்து நாள் சம்பளம், பத்துப் பேர் படுத்துக் கடை நிற்பதை விட மலிவு. அன்றாடச் சம்பளக்காரருக்கு ஒரு கடையால் முடியாவிட்டால், தெருவிலுள்ள கடைகள் சேர்ந்து சிறு நிதியொன்றை வைக்கலாம்.

இரண்டாவது, முதலாளி தானே செய்து காட்ட வேண்டும். கல்லாவில் இருப்பவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டால் ஊழியனிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். கூரைப் பீலி, மடித்த படங்கு, வெற்று டின், குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். நுளம்பு முட்டை பறக்கும் நுளம்பாக மாற ஒரு வாரமளவில் எடுக்கும் என்பதால்தான் இந்த வாரக் கணக்கு. ஜும்ஆவுக்காகக் கடையை மூடும் முன் கால் மணி நேரம் போதும்.

நான்காவது, அடுத்த கடையில் நோய் என்று கேள்விப்பட்டால் அந்தப் பெயரைப் பரப்பாதீர்கள். இன்று அவருக்கு ஏற்படும் அவமானம்தான் நாளை மற்றவரை மறைக்கச் செய்யும்.

மீண்டும் ஒரு பெருந்தொற்று எப்போது வரும் என்பதை அல்லாஹ் மாத்திரமே அறிவான். அது வரும் நாளில் நமது கடையிலுள்ள கடைசி ஊழியனும் 'முதலாளி, எனக்குக் காய்ச்சல்' என்று பயமின்றிச் சொல்லக் கூடிய நிலை இருக்குமானால், பாதி நோயை வாசலிலேயே நிறுத்திவிடலாம். அந்த நிலையை உண்டாக்குவதற்கு நோய் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.