மூளைக்கு யார் நாமினி?

பெரியப்பாவுக்கு 81 வயது. தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிடையரானவர். ஊரில் பாதிப் பேரின் பட்டா நம்பர் அவருக்கு மனப்பாடம். இப்போது சாப்பிட்டுக் கை கழுவிய அரை மணி நேரத்தில், "ஏண்டா, இந்த வீட்டுல சோறே போட மாட்டாங்களா?" என்கிறார். டிமென்ஷியா.

அவரை என்ன செய்வது என்று கும்பகோணம் வீட்டுக் கூடத்தில் குடும்ப மாநாடு கூடியது. பெரிய அண்ணன் சென்னையிலிருந்து காரில். சின்ன அண்ணன் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் (அங்கே ராத்திரி 2 மணி. பாசம்தான்!). "நல்ல முதியோர் இல்லமா பாப்போம்" என்றார் ஒருவர். "சென்னை ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார் இன்னொருவர். ஐந்து வருஷமாக அவருக்கு வேட்டி மாற்றி, மாத்திரை கொடுத்து, ராத்திரி வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் அக்கா, உள்ளே எல்லோருக்கும் காபி கலந்துகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. பெரியப்பாவையும்தான். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து, யார் வீட்டுப் பஞ்சாயத்தோ என்று சுவாரஸ்யமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பி.காம். என்பதால் என் பக்கம் திரும்பினார்கள். "அப்பாகிட்ட ஒரு பவர் எழுதி வாங்கிட்டா?"

காலேஜில் தூங்கிக்கொண்டே கேட்ட மெர்கன்டைல் லா ஞாபகத்துக்கு வந்தது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 201-வது பிரிவு. பவர் கொடுத்தவருக்குச் சித்தம் தவறினால் பவரும் அதோடு காலி. மழை வந்ததும் மடங்கிக்கொள்ளும் குடை! புதிதாக எழுதலாமென்றால், என்ன எழுதுகிறோம் என்று புரியாதவரிடம் வாங்கும் கையெழுத்து செல்லாது. சொத்து விஷயத்துக்குக் கோர்ட்தான் கதி. 2024 மே மாதம், கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியையே கார்டியனாக நியமித்து, சொத்தை விற்க அனுமதித்தது சென்னை உயர் நீதிமன்றம். கணவர் பெயரில் 50 லட்சம் டெபாசிட் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதலில் சிவில் கோர்ட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பப்பட்டு, அப்பீல் செய்து வாங்கினார் அந்த அம்மாள்.

வைத்தியத்துக்கு வேறு சட்டம். 2017-ல் வந்து, 2018 மே மாதம் அமலான மனநலப் பராமரிப்புச் சட்டம். ஞாபகம் குழம்புகிற நோயும் அதில் அடக்கம். நமக்கு முடியாமல் போனால் நம் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே ஒருவரை நியமிக்கலாம். ஸ்டாம்ப் பேப்பர்கூட வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து. பி.எஃப்.புக்கு நாமினி, எல்.ஐ.சி.க்கு நாமினி, பேங்க் லாக்கருக்கு நாமினி... மூளைக்கு மட்டும் ஆள் போடாமல் இருக்கிறோமே, சார்! ஆனால் அந்த நாமினி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. நோயாளி முன்பு என்ன விரும்பினார், இப்போது என்ன விரும்புகிறார் என்று பார்க்க வேண்டும். அவர் வாயால்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. முகபாவம், சைகை போதும். நமக்குத் தப்பாகத் தெரிகிற முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டுமே, அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. (அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் தேறமாட்டார்கள்.)

முதியோர் இல்லமா, ஃப்ளாட்டா என்பதற்கு இந்தச் சட்டம் நேராகப் பதில் சொல்லாது. ஆனாலும் நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அக்கா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, ஊஞ்சல் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அண்ணன்கூட மெட்ராஸ் போறீங்களா?"

பதில் இல்லை.

"இங்கயே நம்ம வீட்டுல இருக்கீங்களா?"

பெரியப்பா இரண்டு கையாலும் ஊஞ்சல் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீடியோவில் சின்ன அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ராத்திரிக்கு ஓர் ஆள் போடுவது, அதற்கு யார் எவ்வளவு கொடுப்பது, மாதத்தில் ஒரு வாரம் அக்காவுக்கு லீவு கொடுத்து யார் வந்து இருப்பது... என் பங்குக்கும் இரண்டு நாள் விழுந்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வெள்ளைத்தாள் எடுத்து, நாமினியாக மனைவி பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிதானமாகப் படித்தாள்.

"இது உங்களுக்கு புத்தி போனப்புறம்தான் செல்லுமா, இல்ல இப்பவே ஆரம்பிக்கலாமா?" என்றாள்.