திரைக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர், இந்தப் பக்கம் தில்லி

“பாட்டி, நாம நாளைக்கு ரிஷிகேஷ் போறோம்!” என்று தொலைபேசியில் சொன்னாள் என் மகள். கும்பகோணத்தில் இருக்கும் என் தாயார், “என்னையும் கூட்டிக்கிட்டா போறீங்க?” என்று ஆவலோடு கேட்டார். குழந்தை விழித்தாள். ‘நாங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஹிந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றுதானே!

தில்லியில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு இது புதிதல்ல. தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது.

2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, தஞ்சாவூர் ஆசிரியை ஒருவர் கணினித் திரை வழியே அவளுக்குத் தமிழ் சொல்லித்தர இசைந்தார். முதல் வாரமே சிக்கல். “க” என்று எழுதிக் காட்டினார். “எந்த க, மிஸ்?” என்றாள் இவள். தேவநாகரியில் ‘ங’ நீங்கலாக அந்த வரிசையில் நான்கு எழுத்துகள். ஹிந்தி அறியாத ஆசிரியைக்குக் கேள்வியே புரியவில்லை. பக்கத்தில் இருந்த நான் விளக்கினேன்.

மறுவாரம் அவர் ‘கண்’, ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘அகம்’ என்று எழுதி, வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் ஒலி வன்மை. மெல்லினத்தின் பின் மென்மை. உயிரொலிகளுக்கு நடுவே இன்னும் தளர்வு. எழுத்து ஒன்று, இடம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது என்று அவளே கண்டுகொண்டாள். பதிலுக்கு, ஹிந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ‘கல்’ என்ற ஒரே சொல்தான் என்று ஆசிரியைக்குப் பாடம் நடத்தினாள்! “அப்போ எப்படிடி கண்டுபிடிக்கிறது?” “வினைச்சொல்லைப் பார்க்கணும், மிஸ்!”

இணையவழித் தமிழ்க் கல்வி இன்று எட்டாக்கனி அல்ல. 2001-ல் சென்னையில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிற்று. மழலைக் கல்வி முதல் பட்டப்படிப்பு வரை அதில் பாடங்கள் உருவாயின; மின்நூலகமும் உண்டு. ஆனால் நம் குழந்தையின் காதில் ஹிந்தி ஒலிப்பது திரைக்குத் தெரியாது. அதை எடுத்துச் சொல்லப் பெற்றோர் ஒருவர் அருகில் அமர வேண்டும். வாரம் அரைமணி நேரம் நம்மால் முடியாதா, அன்பர்களே?

சென்ற கோடைக்கு முன் என் மகள் பாட்டிக்குக் கடிதம் எழுதினாள்: “நாங்கள் மே மாதம் வருகிறோம். நாம் எல்லோரும் மகாமகக் குளத்துக்குப் போகலாம்.”

அந்தக் கடிதத்தை என் தாயார் இன்னும் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.