புதுக் கம்ப்யூட்டரில் பிரவுசர் நின்று போனால் வணிகர்கள் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக் கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இவை இல்லை. ஆகவே கல்லாவுக்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்த பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை வைக்க வேண்டிய நிலை பல கடைகளுக்கு ஏற்பட்டுள்ளது.

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் வேலை வேகமாக நடக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் பில் போடும் மென்பொருள் நன்றாக ஓட, குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர் மட்டும் திறந்த சில நிமிடங்களில் அசையாமல் நின்று விடுவதுண்டு. பெட்டியே பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான காரணங்களை நாமே கண்டுபிடித்துச் சரி செய்து கொள்ளலாம்.

புதுச்சேரி வணிகருக்கு இது ஏன் முக்கியம்?

நம் ஊர் தமிழகத்தோடு பின்னிக் கிடக்கிறது. பெரிய மார்க்கெட்டிலிருந்து கடலூருக்கோ திண்டிவனத்திற்கோ எண்ணெய் டின்னும் சர்க்கரை மூட்டையும் அனுப்பினால், தூரம் குறைவாயினும் சட்டப்படி அது வெளிமாநில வணிகம். வரிக்குட்பட்ட சரக்கின் மதிப்பு வரியும் சேர்த்து ரூ.50,000-ஐத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் வண்டி புறப்படக் கூடாது. இந்த முறை 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டியில் சரக்கு ஏற்றியாகி, டிரைவர் காத்துக் கொண்டிருக்கும்போது பிரவுசர் நின்று போனால் நஷ்டம் யாருக்கு?

அடுத்தது ரிட்டர்ன். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தின் கடைசி நாள் 20-ஆம் தேதி. காலாண்டு முறையில் உள்ள புதுச்சேரி வணிகர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22-ஆம் தேதி. தவறினால் நாளொன்றுக்கு ரூ.50, வரி ஏதும் இல்லாத ரிட்டர்னுக்கு ரூ.20 தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. "கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது" என்று சொன்னால் இந்தக் கட்டணம் தள்ளுபடி ஆகாது.

முதலில் எது நிற்கிறது என்று பாருங்கள்

மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும்: ஒரு தளம் மட்டும் நின்றிருக்கும், அல்லது ஒரு பிரவுசர் மட்டும் நின்றிருக்கும், அல்லது கம்ப்யூட்டர் முழுவதுமே திணறிக் கொண்டிருக்கும். வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது ஓடினால் கோளாறு உங்களிடம் இல்லை. கடைசித் தேதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவதால் தளம் மெதுவாகியிருக்கலாம். அடுத்து வேறொரு பிரவுசரில் அதே பக்கத்தைத் திறவுங்கள். அதில் ஓடினால் முதல் பிரவுசரில்தான் சிக்கல்.

சில சமயம் கோளாறு உலகம் முழுவதற்கும் பொதுவாக இருக்கும். 2022 ஜனவரி 13 அன்று ஃபயர்ஃபாக்ஸ் பல நாடுகளில் ஒரே நேரத்தில் நின்று போனது. இணையச் சேவை நிறுவனம் ஒன்று தன் அமைப்பில் செய்த மாற்றம், அந்தப் பிரவுசருக்குள் ஏற்கெனவே மறைந்திருந்த பிழையைக் கிளறி விட்டது. அன்று கம்ப்யூட்டரை மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பக்கத்துக் கடையிலும் இதே நிலையா என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

வழக்கமான காரணங்கள்

1. முதல் நாள் நெரிசல்: புதுப் பெட்டி இணையத்தோடு சேர்ந்ததும் விண்டோஸ் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் எல்லாக் கோப்புகளையும் சோதிக்கும். இவை முடியும் வரை பிரவுசர் திணறும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த மென்பொருள் அதிகச் சுமையாக இருக்கிறது என்பது அதில் தெரியும். ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் தீரும்.

2. இரண்டு காவல்காரர்கள்: புதுப் பெட்டியோடு ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள் சில நாள் இலவசமாக வரும். நாமோ பழைய பெட்டியில் பணம் கட்டி வைத்திருந்ததையும் ஏற்றி விடுவோம். பிரவுசர் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டும் சோதிக்கப் புகுந்தால் பக்கம் நகராது. ஒன்றை முழுவதுமாக நீக்கி விடுங்கள்.

3. கிராபிக்ஸ் சிக்கல்: படங்களை விரைவாகக் காட்டுவதற்காகப் பிரவுசர் தன் வேலையில் ஒரு பகுதியைக் கிராபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சில்லுக்குரிய டிரைவர் மென்பொருள் சரியில்லை என்றால் திரை அப்படியே நின்று விடும். பிரவுசரின் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' என்னும் பகுதிக்குச் சென்று, 'கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்' என்பதை அணைத்துப் பாருங்கள். நிற்பது நின்றுவிட்டால், கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை ஏற்றிக் கொள்ளலாம்.

விண்டோஸையே குறை சொல்ல வேண்டிய சமயமும் வருவதுண்டு. 2018 ஏப்ரல் புதுப்பிப்பை ஏற்றிய சில கம்ப்யூட்டர்களில் குரோம் நின்று போனது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்திப் பார்க்கும்படி மைக்ரோசாப்ட் அப்போது சொன்னது. மே 8 அன்று திருத்தமும் வெளியிட்டது. இந்த விசைகள் இன்றும் நின்ற திரையை எழுப்பப் பயன்படும்.

4. எக்ஸ்டென்ஷன்கள்: பழைய கணக்கில் நுழைந்ததும், என்றோ சேர்த்த துணை மென்பொருள்கள் எல்லாம் புதுப் பெட்டிக்கும் வந்து சேரும். கன்ட்ரோல், ஷிப்ட், என் விசைகளை அழுத்தினால் குரோமிலும் எட்ஜிலும் தனி ஜன்னல் திறக்கும். பொதுவாக அதில் எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்யா. அங்கு நன்றாக ஓடினால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு 'டிரபிள்ஷூட் மோட்' உண்டு.

5. பழைய கோப்புறையை அப்படியே நகலெடுத்தல்: பிரவுசரின் பழைய கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்து வந்து புதியதில் ஒட்டும் வழக்கம் பலரிடம் உண்டு. அதனால் பழைய பிழைகளும் கூடவே வரும். குரோமில் சேமித்த கடவுச்சொற்களோ வாரா. அவை பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. பிரவுசர் கணக்கில் நுழைந்து ஒத்திசைவு மூலம் கொண்டு வருவதே சரியான வழி. கடவுச்சொற்களைக் கோப்பாக எடுத்தால், அதை யாரும் திறந்து படிக்க முடியும்; வேலை முடிந்ததும் அழித்து விட வேண்டும்.

6. கையெழுத்துக் கருவி: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்போர், டோக்கனின் டிரைவரையும் எம்சைனர் மென்பொருளையும் புதுப் பெட்டியில் மீண்டும் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துப் பக்கம் சுற்றிக் கொண்டே இருக்கும். பிரவுசர் நின்றதாகத் தோன்றும். தனி உரிமையாளர்கள் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. மூலமும் தாக்கலை முடிக்கலாம்.

இவை எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் ராமைக் கவனியுங்கள். விண்டோஸ் 11 ஓட 4 ஜி.பி. போதும் என்பது கணக்கு. பில் மென்பொருள், பிரவுசர், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக ஓடும் கடைக்கு 8 ஜி.பி. வேண்டும்.

மோசடி எச்சரிக்கை

திரை முழுவதும் அடைத்துக் கொண்டு, "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று ஓர் அறிவிப்பு வந்தால் அது கோளாறு அல்ல, திருட்டு. அழைக்காதீர்கள். யார் சொன்னாலும் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை ஏற்றாதீர்கள். டாஸ்க் மேனேஜர் மூலம் பிரவுசரை மூடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

மாற்றுவதற்கு முன் திட்டமிடுக

மாத ரிட்டர்ன் 20-ஆம் தேதியோடு முடியும். காலாண்டு ரிட்டர்ன் 22-ஆம் தேதியோடு முடியும். ஜி.எஸ்.டி.ஆர்.-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதி. இடைப்பட்ட நாட்களே கம்ப்யூட்டர் மாற்ற ஏற்ற காலம். புதியதில் ஒரு முறை ரிட்டர்னும் ஓர் இ-வே பில்லும் முழுமையாக முடியும் வரை பழையதைக் கடையிலேயே வைத்திருங்கள். அதன் பிறகு அதிலுள்ள கடவுச்சொற்களையும் கணக்குகளையும் அழித்துவிட்டே விற்கவோ மாற்றவோ கொடுங்கள்.

அவசரத்திற்கு மாற்று வழியும் இருக்கட்டும். இ-வே பில் தளத்தில் கைபேசியை முன்கூட்டியே பதிவு செய்து கொள்ளலாம். விற்பனையே இல்லாத மாதத்திற்கான 3பி படிவத்தை 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தாக்கல் செய்யும் வசதி 2020 ஜூன் மாதம் முதல் உண்டு. தராசு பழுதானால் மாற்றுத் தராசு வைத்திருப்பவர்கள் நாம். கம்ப்யூட்டர் விஷயத்திலும் அதே முன்யோசனை வேண்டும்.