உளவியல் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

உளவியல் என்றதும், மற்றவர் மனசுல இருப்பதைச் சொல்லிவிடும் வித்தை என்று எண்ணுகிற பிள்ளைகள் உயர்தர வகுப்புகளில் இன்றும் உண்டு. அதுவோ அளந்தும் பரிசோதித்தும் பார்க்கும் விஞ்ஞானம். 1879இல் ஜேர்மனியின் லைப்ஸிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுகூடம் அமைத்ததோடு அது தனித்துறையாகத் தலைதூக்கியது. நினைவு, கவனம், மொழி என்பன மூளையில் எவ்வாறு நிகழ்கின்றன என்று ஆராயும் கிளை அறிகை நரம்பியல். பேச்சிழந்த நோயாளி ஒருவர் இறந்தபின், 1861இல் பிரான்ஸிய வைத்தியர் போல் புரோகா அவரது மூளையைப் பரிசோதித்து, இடது முன்பகுதியில் சேதம் கண்டார். அந்தக் கிளைக்கு அது ஒரு முன்னோடி.

இந்த அறிவில் நமது முன்னோருக்கும் பங்குண்டு. அபூ ஸைத் அல்பல்கீ (850–934) உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் வைத்துப் பேசினார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணம் தெரியாத கவலை வேறு என்று பிரித்தார். சுகமாக இருக்கும் நாளிலேயே மருந்து சேர்ப்பதுபோல், மனம் தெளிவாக இருக்கையில் நல்ல எண்ணங்களைச் சேர்த்து வையுங்கள் என்றார்.

மடுல்சீமைப் பிள்ளை இதைப் படிக்க என்ன வழி? உயர்தரத்தில் உளவியல் என்றொரு பாடம் இல்லை. கலைப்பிரிவில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்தால் சிந்தனைக்குப் பயிற்சி கிடைக்கும். இஸட் புள்ளியோடு மாவட்ட ஒதுக்கீடும் பார்க்கப்படுவதால் பதுளை மாவட்டப் பிள்ளைகள் சோர வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் உளவியல் கற்கலாம். புள்ளிவிபரவியலும் ஆங்கில வாசிப்பும் கட்டாயம் தேவைப்படும். இரண்டையும் இப்பவே தொடங்குவது நல்லது. இன்னொன்று: மருந்து எழுதும் மனநல மருத்துவராக வேண்டுமானால் முதலில் மருத்துவம் படிக்க வேண்டும். பட்டம் மட்டும் ஒருவரைச் சிகிச்சை உளவியலாளராக்காது; மேற்படிப்பும் பயிற்சியும் வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவானேன்? தோட்டத்து லயத்திலோ நமது தெருவிலோ ஒரு தாய் "நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது" என்கிறாள். வீட்டார் செய்வினை, ஜின் என்று அலைகிறார்கள். வைத்தியரிடம் போனாலும் அந்தச் சொல் மொழிபெயர்ப்பில் வெறும் நெஞ்சுவலியாகிவிடலாம். ஓதிப் பார்ப்பதும் துஆவும் நமது நம்பிக்கை. அதற்காகச் சிகிச்சையைப் பிற்போடத் தேவையில்லை. அவளுடைய தமிழிலேயே கேட்டு விளங்கிக்கொள்ள, இந்த மலையிலிருந்தே சிலர் படித்து வர வேண்டும். அவசரத்துக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. அதையும் வீட்டில் எழுதி வையுங்கள்.