மரபுரிமைப் பாதுகாப்பும் மலையகமும்: தன்னார்வ அறநிலையங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயம் தன் பழைய கட்டடங்களுள் எவற்றைப் பேணுகின்றது, எவற்றை அழியவிடுகின்றது என்பது அழகுணர்ச்சியை மாத்திரம் சார்ந்த விடயமன்று. நிலம் யாருக்கு உரியது, வரலாறு யாருடையதாகக் கொள்ளப்படுகின்றது என்னும் வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன. கந்தப்பளையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் இதனை நன்கு உணர்த்துகின்றன.

பழைய மனைகளையும் இயற்கை நிலங்களையும் தன்னார்வ அறநிலையமொன்றே பேணும் முறைக்கு இங்கிலாந்தின் 'நஷனல் டிரஸ்ட்' சிறந்த எடுத்துக்காட்டாகும். ஒக்டேவியா ஹில், ரொபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரோன்ஸ்லி ஆகிய மூவரும் 1895 இல் இதனை நிறுவினர். ஹில் அம்மையார் இலண்டன் ஏழைகளின் குடியிருப்புச் சீர்திருத்தத்துக்கு உழைத்தவர். நிறுவப்பட்ட மறு ஆண்டிலேயே, அல்பிரிஸ்டன் என்னும் ஊரில் சிதைந்துகிடந்த பழைய மதகுரு இல்லமொன்றை இவ்வமைப்பு 10 பவுணுக்கு வாங்கியது. 1907 ஆம் ஆண்டுச் சட்டம், தன் சொத்துக்களைக் கைமாற்ற முடியாதவை எனப் பிரகடனஞ் செய்யும் உரிமையை அதற்கு வழங்கியது. அவ்வாறு பிரகடனஞ் செய்தவற்றைப் பின்னர் அவ்வமைப்பே விரும்பினும் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. அங்கத்தவர் சந்தா, நன்கொடை, மரணசாசனக் கொடை, நுழைவுக் கட்டணம், தொண்டர்தம் உழைப்பு ஆகியவற்றால் அது இயங்குகின்றது.

எனினும், 1937 இல் நிறைவேறிய சட்டத்தின் பின்னர் நிலவுடைமையாளரின் மாளிகைகள் பல அதன் பொறுப்பில் வந்தன. வரிச்சுமையைத் தாங்கவியலாத குடும்பங்கள் மாளிகையைக் கையளித்து, அதிலேயே தொடர்ந்து வாழவும் வழி ஏற்பட்டது. உழைப்போரின் வாழிடங்கள் கவனம் பெற நெடுங்காலஞ் சென்றது. சவுத்வெல்லில் வறியோர் தொழில்விடுதி 2002 இலும், பர்மிங்ஹாமில் தொழிலாளரின் நெருக்கமான குடியிருப்புத் தொகுதி 2004 இலும் பார்வைக்குத் திறக்கப்பட்டன.

இலங்கையின் நிலைமை வேறானது. இங்கு பேணல் முயற்சியில் முந்தி ஈடுபட்ட தன்னார்வச் சங்கம் 1894 இல் தோன்றிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கமாகும். வேட்டையை விரும்பிய தோட்டத்துரைமார் அதில் முக்கிய இடம் வகித்தனர். மலைக்காடுகளை அழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட வர்க்கத்தினரே எஞ்சிய வனவிலங்குகளின் காவலராகவும் விளங்கினர் என்பது நோக்கற்பாலது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தலாகாது என 1873 இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையை அரசு ஏற்றதும் உயர்மலைக் காடுகள் எஞ்சியமைக்கு ஒரு காரணமாயிற்று.

கட்டடங்களைப் பொறுத்தவரை, 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆந் திகதியை எல்லையாகக் கொண்டே புராதனச் சின்னங்களை வரையறுத்தது. பிற்காலத்தனவற்றைத் தனியே பிரகடனஞ் செய்ய இடமிருந்ததாயினும், தோட்டத் தொழிலாளரின் வரலாறு முழுவதும் அவ்வெல்லைக்கு அப்பாலேயே நின்றது.

ஆகவே பேணுதல் பெரிதும் வாணிபத்தின் கையிற் சென்றது. கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்தில் மூடப்பட்டுக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் உல்லாச விடுதியாகப் புத்துயிர் பெற்றது. கட்டடமும் இயந்திரங்களும் காக்கப்பட்டமை பாராட்டத்தக்கதே. துரை பங்களாக்கள் பலவும் இவ்வாறே விடுதிகளாயின. ஆயினும் வாணிபம் விருந்தினரை ஈர்க்கக்கூடியதையே பேணும். இஸ்தோப்பும் ஒற்றைக் காம்பராவும் கொண்ட லயமும், விடியலில் பெயர் கூப்பிட்ட பிரட்டுக்களமும், பெயரெழுதாத புதைகுழிகளும் அதன் கணக்கில் இடம்பெறுவதில்லை.

இக்குறையை நிரப்ப முனைந்தது ஒரு தன்னார்வ அமைப்பே. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம், கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீக்கொக் தோட்டத்தின் பழைய லயத்தில், 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகத்தை அமைத்தது. தொழிலாளர் புழங்கிய பொருள்களும் கருவிகளும் ஆவணங்களும் அங்கு சேகரிக்கப்பட்டுள்ளன.

லயத்தைப் பேணுதல் என்பது மக்களை லயத்திலேயே வைத்திருத்தலாகாது. இன்றும் லயங்களில் வாழும் குடும்பங்களுக்குச் சொந்த நிலமும் தனிவீடும் கிடைப்பதே முதன்மையானது. அம்மாற்றம் நிகழும்போது, கடைசி லயமும் தகர்க்கப்படுமுன், தோட்டந்தோறும் இல்லாவிடினும் பிரதேசத்துக்கு ஒன்றேனும் சான்றாக நிற்றல் வேண்டும்.

இதற்குள்ள தடை நிலவுரிமையாகும். நஷனல் டிரஸ்டின் வலிமை சொத்தைத் தானே உடைமையாகக் கொள்வதில் தங்கியுள்ளது. மலையகத்திலோ 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றுட் பெரும்பாலானவை கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. நன்கொடை திரட்டக்கூடிய சங்கமும் ஒரு லயத்தையோ மயானத்தையோ எளிதில் வாங்க இயலாது. கட்டடமும் அதைச் சூழ்ந்த சிறு நிலமும் நிலையான உரித்துடன் அறநிலையங்களுக்கு வழங்கப்படுதலும், அவற்றின் நிருவாகத்தில் தோட்ட மக்களே பங்குகொள்ளுதலும் அவசியமாகும். அவ்வுரித்து இல்லாதவிடத்து, தொண்டருழைப்பு எத்துணை மிகுந்திருப்பினும், பேணப்பட்டது யாதென்பதைக் குத்தகைக்காரரே தீர்மானிப்பர்.