மெதுவாக வளரும் கட்டி எப்போதும் மெதுவாகவே வளருமா?



புற்றுநோய்க் கட்டி என்றாலே நமக்கெல்லாம் கை கால் ஓடாது. அந்த நேரத்தில் டாக்டர், "இது மெதுவா வளர்ற வகைம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். அந்த நிம்மதியில்தான் சில வீடுகளில் ஒரு காரியம் நடந்துவிடுகிறது. அடுத்த செக்கப் தேதி வரும்போது மலையில் ஏலக்காய் எடுப்பு நடக்கும். ஒரு நாள் போனால் நம்ம கூலியும் போச்சு, துணைக்கு வர்றவங்க கூலியும் போச்சு, பஸ் செலவு வேறு. "மெதுவாத்தானே வளருது, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த மாசம் ஒரு வருஷமாகிவிடும்.

இதனால் ஏமாந்துபோகக்கூடிய ஒரு கட்டியைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். கணையத்தில் வரும் நியூரோ எண்டோகிரைன் கட்டி என்று இதற்குப் பெயர். பேர்தான் வாயில் நுழையாது, விஷயம் புரியக்கூடியதுதான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. சாப்பாடு செரிக்க நீர் சுரப்பது அதன் ஒரு வேலை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பது இன்னொரு வேலை. செரிமான நீர் வரும் பகுதியில் உண்டாகும் புற்றுநோய் மிக வேகமானது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் உண்டாகும் கட்டிதான் நாம் சொல்வது. இது பெரும்பாலும் மெதுவானது. அரிதானதும்கூட, ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. ஆகவே வயிறு வலித்தால் உடனே இதுதான் என்று யாரும் பயந்துவிட வேண்டாம்.

ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்சுக்கு வந்தது இதுதான். 2003-ல் கண்டுபிடித்தார்கள். உணவுக் கட்டுப்பாடு, பழச்சாறு, மூலிகை என்று ஒன்பது மாதம் தள்ளிவிட்டு 2004-ல் ஆபரேஷன் செய்துகொண்டார். பிறகு ஈரலுக்குப் பரவி, 2009-ல் ஈரல் மாற்று ஆபரேஷன் நடந்தது. 2011 அக்டோபரில் இறந்தார். முன்னாடியே ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு பணம் இருந்தவரும் "பாத்துக்கலாம்" என்றுதான் இருந்திருக்கிறார். நம் நாட்டில் இந்தி நடிகர் இர்பான் கானுக்கும் நியூரோ எண்டோகிரைன் கட்டி இருப்பதாக 2018 மார்ச்சில் அவரே அறிவித்தார். இரண்டு வருஷத்தில், 2020 ஏப்ரலில் காலமானார். பேர் ஒன்றாக இருந்தாலும் ஒருவருக்கு எட்டு வருஷம், ஒருவருக்கு இரண்டு வருஷம். ஏன் இப்படி?

கட்டியின் வேகத்தை 'கிரேடு' என்று டாக்டர்கள் பிரிக்கிறார்கள். கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்து, நூறு செல்லில் எத்தனை செல் பெருகிக்கொண்டிருக்கிறது என்று எண்ணுவார்கள். ரிப்போர்ட்டில் இது 'கேஐ 67' என்று இருக்கும். 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கிரேடு 1. 3 முதல் 20 வரை கிரேடு 2. அதற்கு மேலே கிரேடு 3. இதையும் 'ஸ்டேஜ்' என்பதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்டேஜ் என்பது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. கிரேடு என்பது எவ்வளவு வேகம் என்பது.

அந்த எண் சதை எடுத்த அன்றைக்கு இருந்த எண். ஆயுசுக்கும் அதுவே என்று அர்த்தமில்லை. கிரேடு 1 ஆக இருந்தது சில வருஷத்தில் 2 ஆகலாம், சிலருக்கு 3-ம் ஆகலாம். செல் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் உள்ளே சின்னச் சின்னப் பிழைகள் சேரும். அதில் வேகமாகப் பெருகக்கூடிய ஒரு கூட்டம் கிளம்பினால், மற்றதை முந்திவிடும். மருந்தாலும் இது நடக்கும். ஏலத்தோட்டத்தில் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சாகிற பூச்சி செத்து, சாகாத பூச்சிதானே பெருகுது? அதே கதைதான். அதற்காக மருந்தே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மருந்து போடும்போதும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் சொல்கிறோம். பல வருஷம் மாறாமலே இருப்பவர்களும் நிறையப் பேர்.

இன்னொன்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இந்தக் கட்டியில் அந்தக் கணக்கு செல்லாது. கணையத்தில் இருப்பது கிரேடு 1 ஆகவும், ஈரலுக்குப் பரவியது கிரேடு 2 ஆகவும் இருக்கலாம். ஒரே கட்டியில்கூட ஒரு மூலை ஒரு மாதிரி, மறு மூலை வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் சில நேரம் டாக்டர் மறுபடியும் சதை எடுக்கச் சொல்கிறார். "முன்னாடியே எடுத்தாச்சே, எதுக்கு மறுபடியும் குத்துறாங்க" என்று கோபப்படாதீர்கள். பெட் ஸ்கேனிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மெதுவான செல்கள் நன்றாக ஒளிரும், இன்னொன்றில் சர்க்கரையை வேகமாக இழுக்கும் முரட்டுச் செல்கள் ஒளிரும். முதல் ஸ்கேனில் மங்கி இரண்டாவதில் பளிச்சென்று தெரிந்தால், கட்டியின் குணம் மாறுது என்று சந்தேகிப்பார்கள்.

குணம் மாறினால் வைத்தியமும் மாறும். மாதம் ஒரு ஊசியில் அடங்கியிருந்ததற்கு மாத்திரையோ கீமோவோ தேவைப்படலாம். இது தெரியாமல் பழைய சீட்டைக் காட்டியே மருந்து வாங்கிக்கொண்டிருந்தால் கட்டிதான் முந்தும்.

செக்கப் தேதிக்கு முன்பே டாக்டரிடம் போக வேண்டிய நேரமும் உண்டு. காரணமில்லாமல் எடை குறைவது, கண் மஞ்சளாவது, வலி கூடுவது இவையெல்லாம் சொல்ல வேண்டியவை. ஹார்மோன் சுரக்காமல் இருந்த கட்டி பிறகு சுரக்க ஆரம்பிப்பதும் உண்டு. இன்சுலின் அதிகமானால் வெறும் வயிற்றில் வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், சீனி வாயில் போட்டதும் தெளியும். இதைப் "பேய் பிடிச்சிருச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போனால் நாள்தான் வீணாகும். கட்டி இருப்பதாகத் தெரிந்தவருக்கு இப்படி ஆனால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

நமக்குக் கிட்டத்தில் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் எந்தப் பரிசோதனை, எந்த ஊசி அதில் வரும் என்று காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உறுப்பினர் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவருடைய செக்கப் தேதியைக் குழுக் கூட்டத்தில் சொல்லி வையுங்கள். போக்குவரத்துக்கு உள்கடன் கொடுக்க ஒரு தீர்மானம் போட்டால் போதும், அவசரத்தில் கந்துவட்டிக்கு ஓட வேண்டாம்.

போகும்போது முதல் ரிப்போர்ட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். டாக்டரிடம் "போன தடவை கேஐ 67 எவ்வளவு, இப்ப எவ்வளவு" என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. சதைப் பரிசோதனை செய்த லேப்பில் அந்தச் சதையை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது அதைக் கேட்டு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பழைய சதையையும் புதிய சதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.